மீசை வைத்த கல்யாணப்பொண்ணு

காஞ்சிபுரத்தில் இதுவரை அதிகமுறை மணப்பெண்ணாக நின்றவர் யார் என்று என்னைக் கேட்டால் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டேன். அவர் ஓர் ஆண். வயது முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நல்ல உயரம், தடித்த மீசை, பேன்ட் சட்டை, இடுப்பில் அகலமான பெல்ட். கடையில் பட்டுப் புடவை கட்டிக்காட்டும்போது அந்தப் பெல்ட்டில்தான் கொசுவத்தைச் செருகுவார். செருகிவிட்டு, முந்தியைத் தோளில் போட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணைத் தரையில் நட்டாரென்றால், கல்யாணமே வேண்டாம் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்த பெண்கூட "தேதி எப்போம்மா?" என்று கேட்பாள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளம் போடும் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும். கடையில் எல்லாருக்கும் அவர் கல்யாணப்பொண்ணு. "கல்யாணப்பொண்ணு எங்கப்பா? கஸ்டமர் வந்துக்கினு இருக்காங்க!" என்று மேனேஜர் மாடியிலிருந்து கத்துவார். "டீ குடிச்சிக்கினு இருக்குது சார்!" என்று கீழேயிருந்து பதில் போகும். முதல்முறை வந்தவர்கள் கொஞ்சம் திடுக்கிட்டுத்தான் போவார்கள்.

நான் அந்தக் கடைக்குப் போனபோது எனக்குப் பதினெட்டு வயது. ஒரே வாரத்தில் இரண்டு அடையாள அட்டைகள் என் கழுத்துக்கு வந்து சேர்ந்தன. ஒன்று காலேஜ்: பி.காம். முதல் வருஷம், காலை ஷிப்ட். இன்னொன்று காந்தி ரோடு பக்கம் ஒரு பட்டுக்கடை: மதியத்திலிருந்து கடை சாத்தும்வரை. செவிலிமேட்டில் டவுன் பஸ் ஏறும்போது நீலக் கயிறு, மதியம் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுச் சிவப்புக் கயிறு. கயிறு மாறுவதுபோல மூளையும் மாறினால் தேவலை. மாறாது. ஒருநாள் காலை காலேஜ் வாசலில் பிரின்சிபால் மேடம் எதிரே வந்தார். நான் இரண்டு கையையும் கூப்பி, "வாங்கம்மா, உள்ள வாங்க, என்ன ரேஞ்சுல பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன். பாவம், அவரும் தடுமாறிப்போய், "சும்மா ரவுண்ட்ஸ் வந்தேன்மா" என்றார்.

காலேஜில் முதல் நாள் கோட் போட்ட ஒருவர் வந்து, கனவைத் துரத்துங்கள், துரத்துங்கள் என்று மைக்கில் எங்களைத் துரத்தினார். எனக்கு அப்போது இருந்த ஒரே கனவு, மதியம் சாப்பிட்டபின் கொஞ்ச நேரம் கண்ணை மூடுவது. கடையில் அதற்கும் வழியில்லை. விற்பனைப் பிள்ளைகள் உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது, போடுகிறோம் என்று மேனேஜர் அறிவித்தார். ஸ்டூல்களும் வந்தன. அவற்றின்மேல் அட்டைப் பெட்டிகள் நிம்மதியாக உட்கார்ந்தன. நாங்கள் பக்கத்தில் நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டோம்.

பதினெட்டு வயதில் ஒரு பெண் காதலைப் பற்றி நாலு கற்பனை செய்ய வேண்டாமா? எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கல்யாணம் என்றால் என்ன என்பதை அந்தக் கடை முதல் மாதத்திலேயே காட்டிக் கொடுத்துவிட்டது. ஒரு வேன் நிறைய ஆட்கள் ஒரே ஒரு புடவை எடுக்க வருவார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அதில் பேசாமல் ஒருத்தி இருப்பாள் பாருங்கள், அவள்தான் பெண். எங்கள் வீட்டுப் பக்கம் கல்யாணப் பெண் சர்ச்சுக்கு வெள்ளைச் சேலையில் போவாள். வெள்ளையில் கலர் சண்டைக்கு அதிகம் இடமில்லை. அதனால் மாம்பழ மஞ்சளுக்கும் சாமந்தி மஞ்சளுக்கும் நடுவில் ஒரு சம்பந்தமே முறிந்துபோகும் என்பது எனக்குப் புது விஷயமாக இருந்தது.

புடவையைக் கடையில் இருக்கும் பெண்கள் கட்டிக்காட்டாமல் ஏன் ஒரு ஆம்பிளை கட்டிக்காட்ட வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் அதற்கு ஒரு தத்துவமே வைத்திருந்தார்.

"இதோ பாரும்மா காலேஜ். நீ கட்டிக்கினு நின்னா, அந்தப் பொண்ணு உன்னையும் பாக்கும், கண்ணாடியையும் பாக்கும். மனசு ஒடஞ்சிடும். அவன் கட்டிக்கினு நின்னா? இவனுக்கே இவ்ளோ எடுப்பா இருக்குதே, எனக்கு எப்பிடி இருக்கும்னு தோணும். உடனே பில்லு."

கடையில் என் பெயர் காலேஜ். கல்யாணப்பொண்ணுக்காவது கம்ப்யூட்டரில் ஒரு பெயர் இருந்தது. எனக்குப் பகுதிநேர வேலை என்பதால் அதிலும் இல்லை.

கல்யாணப்பொண்ணு வெறுமனே கட்டிக்காட்டுகிற ஆள் இல்லை. கல்யாணத்தையே நடத்திக் காட்டுவார். மாலை மாற்றும்போது முந்தி எப்படி விழும், ஹோமப் புகையில் ஜரிகை எப்படி மின்னும், ரிசப்ஷனில் போட்டோவுக்கு நிற்கும்போது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் எல்லாம் உண்டு. கடைசி ஆயுதம் மாமியாருக்கு. பையனின் அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "உங்க கால்ல விழும்போது முந்தி எப்பிடி விரியும்னு பாருங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே தடாலென்று அந்த அம்மாள் காலில் விழுவார். அந்த அம்மாள் பதறிப்போய், வழக்கப்படி, "தீர்க்க சுமங்கலியா இரும்மா" என்று சொல்லிவிடுவாள். ஆசீர்வாதம் செய்தபின் புடவையை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? இப்படி எத்தனை மாமியார்கள் அவரைச் சுமங்கலியாக இருக்கச் சொல்லி வாழ்த்தினார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

வெளிநாட்டுப் பெண்களுக்கு வீடியோ கால். பெண் அமெரிக்காவில், அம்மா கடையில், கல்யாணப்பொண்ணு நடுவில். "அங்கிள், கொஞ்சம் நடங்க... உக்காருங்க... சிரிங்க..." என்று போனிலிருந்து உத்தரவு வரும். ஒருமுறை அந்தப் பெண் இவரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். கண்ணாடி போடாமல் பார்த்த ஒரு பெரியம்மா உடனே பதில் அனுப்பினாள்: "பொண்ணு களையா இருக்குது. மீசைய மட்டும் எடுத்துடச் சொல்லுங்க." இதை எங்களிடம் வாசித்துக் காட்டியபோது அவர் முகத்தில் தெரிந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

எங்கள் ஊரில் ட்யூப்லைட்டில் பார்த்த கலரை நம்பிப் புடவை வாங்கும் ஆள் கிடையாது. வெயிலில் காட்டு என்பார்கள். இவர் கட்டிய புடவையோடு அப்படியே வாசலுக்கு இறங்குவார். அப்படி ஒருநாள் மயில்கழுத்துப் பச்சையில் தெருவில் நின்றபோது அம்மன் புறப்பாடு வந்துவிட்டது. கூட்டம் இவரையும் சேர்த்து முன்னால் தள்ளியது. குருக்கள் குனிந்த தலையோடு ஒவ்வொரு கையிலும் பிரசாதம் போட்டுக்கொண்டே வந்தவர், பட்டுப் புடவையைப் பார்த்ததும் ஒரு முழம் பூவை எடுத்து நீட்டிவிட்டு அப்புறம்தான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். கொடுத்ததைத் திருப்பி வாங்கவா முடியும்? கல்யாணப்பொண்ணு பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வந்து கல்லாவில் இருந்த சாமி படத்துக்குப் போட்டார். "அம்மாவே ஆசீர்வாதம் பண்ணிட்ட பொடவ" என்று அந்த மயில்கழுத்தை அடுத்த நிமிஷமே விற்றும் விட்டார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவர் விட்ட கதைகள்தான் தாங்காது. ஒவ்வொரு புடவைக்கும் அதை நெய்தவர்களைப் பற்றி ஒரு கதை உண்டு. இடுப்பு வலி எடுக்கும்வரை நெய்துவிட்டுத் தறியிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போன தாய் ஒருத்தி. கரை ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாக இருக்கிற புடவைக்கு இரண்டு அண்ணன் தம்பிகள்: "ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லம்மா. அண்ணன் உடம்ப நெய்ஞ்சாரு, தம்பி கரைய நெய்ஞ்சாரு. கடைசி இழையிலதான் ராசியானாங்க." கேட்கிற அம்மாக்கள் மூக்கை உறிஞ்சுவார்கள்.

"அண்ணா, இதெல்லாம் நெஜமா?" என்று கேட்டேன் ஒருநாள்.

"நெய்யறவங்கள யாரு காலேஜு பாத்தா? கத இல்லன்னா வெறும் துணி. கத இருந்தாதான் பொடவ."

மார்க்கெட்டிங் பாடத்தில் இதற்கு ஒரு பெரிய இங்கிலீஷ் பெயர் இருந்தது. எங்கள் மேடம் அதை ஒரு வாரம் ஸ்லைடு ஸ்லைடாக நடத்தினார்.

இத்தனைக்கும் அவர் நெசவு வீட்டில் பிறந்தவர். பிள்ளையார்பாளையத்தில் அவருடைய அப்பா தறியில் உட்கார்ந்தவர்தான். இவர் தறிக்குழியில் காலை விட்டால் முட்டி வந்து முகவாயில் இடிக்கும் என்பதால், படிப்பு முடிந்த கையோடு கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் கல்யாணப் புடவை கட்டிக்காட்டியவருக்குச் சொந்தமாக ஒரு கல்யாணம் ஆகவில்லை. ஜாதகம் பொருந்தும். வீடு பிடிக்கும். அதற்கப்புறம் பெண் வீட்டார், நம் ஊர் வழக்கப்படி, பையன் எப்படி என்று வேலை செய்யும் இடத்தில் விசாரிக்க வருவார்கள். சொல்லாமல்தான் வருவார்கள், புடவை எடுக்க வந்தவர்கள் மாதிரி. வந்து பார்த்தால் மாப்பிள்ளை அரக்குக் கலரில் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பார். அத்தோடு சரி. மறுநாள் "ஜாதகத்தை இன்னொரு இடத்தில் பார்த்தோம், சரியில்லையாம்" என்று போன் வரும்.

நாலு இடம் இப்படிப் போனபின் ஒரு திட்டம் போட்டார். பெண் வீட்டார் என்றைக்கு வரக்கூடும் என்று அவருடைய அம்மா எப்படியாவது மோப்பம் பிடித்துச் சொல்ல வேண்டியது. அன்றைக்கு இவர் புடவையைத் தொட மாட்டார். சட்டைப் பையில் இரண்டு பேனாவைச் செருகிக்கொண்டு பில் கவுன்டர் பக்கத்தில் நின்று, போகிற வருகிறவர்களை முறைப்பார். மேனேஜரும் சம்மதித்திருந்தார். நாங்கள் நடுநடுவே வந்து, "சார், இத எங்க வைக்கறது?" என்று கேட்க வேண்டும். அவர் பேசாமல் விரலை மட்டும் நீட்ட வேண்டும். ஒத்திகைகூடப் பார்த்தோம்.

அந்தச் சமயத்தில்தான் முசரவாக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. பெண் பெயர் அம்சா. அப்பாவும் பெண்ணும் வீட்டிலேயே தறி போடுகிறவர்கள். பத்துப் பொருத்தமும் அமைந்திருந்தது. முதலிலேயே போட்டோவைக் காட்டினால் பிள்ளைக்கு ஆசை வந்துவிடும், அப்புறம் தட்டிப்போனால் தாங்க மாட்டான் என்று அவருடைய அம்மா போட்டோவை மட்டும் காட்டவில்லை. "லீவு அன்னிக்கு அந்தப் பக்கம் வருவோம்" என்று பெண்ணின் அப்பா வாய்தவறிச் சொன்னதை அம்மா பிடித்துக்கொண்டாள். கல்யாணப்பொண்ணு சனிக்கிழமை முடி வெட்டுவதாகவும், ஞாயிற்றுக்கிழமை நீலச் சட்டை போடுவதாகவும் முடிவாயிற்று.

"இந்த எடம் அமையணும் காலேஜு" என்றார் என்னிடம். எப்போதும் கேலியாகப் பேசுகிறவர், அன்று புடவை மடித்துக்கொண்டே தலைநிமிராமல் சொன்னார். "எல்லா பொண்ணுக்கும் நான் கட்டிக் காட்டிட்டேன். எனக்குன்னு ஒருத்தி வந்து நிக்கமாட்டேங்கறா. அம்மாவுக்கும் வயசாவுது."

பதினெட்டு வயதில் முப்பத்தைந்து வயதுக்காரருக்கு என்ன ஆறுதல் சொல்ல முடியும்? "நீலச் சட்டை நல்லா இருக்கும்ணா" என்றேன்.

அதே வாரம் நடுவில் ஒருநாள் மதியம் ஒரு குடும்பம் வந்தது. ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். முன்னால் ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதிப் பட்டை. பக்கத்தில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சுடிதாரில். குளிர்ச்சியாக ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றதற்கு வேண்டாம் என்றார்கள். விலையைக் கேட்கவே இல்லை. புடவையைக் கொடுத்தால் பெரியவர் மேல்பக்கத்தை விட்டுவிட்டு உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். இதையெல்லாம் நான் கவனித்தேன். ஆனால் எனக்கு எதுவும் புரியவில்லை. புரிந்திருக்க வேண்டியவர் ஏற்கெனவே கொசுவம் வைக்க ஆரம்பித்திருந்தார்.

அன்று அவர் உச்சத்தில் இருந்தார். மாலை மாற்றினார், மெட்டி போட்டுக்கொண்டார், அம்மி மிதித்தார். பெரியவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண் மட்டும் அடுக்கைக் கூர்ந்து பார்த்துவிட்டுத் திடீரென்று கையை நீட்டினாள்.

"அத காட்டறீங்களா? அந்த மாம்பழ மஞ்சள். அரக்குக் கரை."

நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் கட்டி, முந்தியைத் தோளில் விரித்ததும், அந்தப் பெண் வாயைப் பிளந்துகொண்டு அப்படியே நின்றாள். மீன் தூண்டிலைக் கவ்விவிட்டது என்று எங்கள் ஆளுக்குத் தோன்றிவிட்டது. ஒரு படி மேலே போனார்.

"இத நெய்ஞ்சவரு எம்பது வயசு பெரியவரும்மா. ரெண்டு கண்ணும் தெரியாது. வெரலால தடவியே கலர் சொல்லுவாரு. ஒரு வருசம், ஒரே வேள சோறு, யார்கிட்டயும் பேச்சு கெடையாது. அப்பிடி நெய்ஞ்ச பொடவ."

"அப்புறம்?" என்றாள் அந்தப் பெண். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்புறம் என்னாம்மா... முந்திய முடிச்சாரு, அதுலயே மூஞ்சிய பொதச்சிக்கினு அழுதாரு, போய்ச் சேந்துட்டாரு. இதான் அவரு கடைசி பொடவ."

பெரியவர் தொண்டையைச் செருமினார். "எப்ப செத்தாரு?"

"போன வாரம்தான் பெரியவரே."

"காரியம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சி, ஆயிடுச்சி. நானே போய்ட்டு வந்தேன். நல்ல சாவு."

அந்தப் பெண் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "கெளம்புங்க" என்றார். மொத்தக் குடும்பமும் எழுந்து வெளியே போய்விட்டது. "பெரியவரே, அதுல மரகதப் பச்ச இருக்குது, பாத்துட்டுப் போங்க!" என்று இவர் புடவையோடு வாசல்வரை ஓடினார். யாரும் திரும்பவில்லை. அந்தப் பெண் மட்டும் ஆட்டோவில் ஏறும்முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இவரைப் பார்த்தாளா, புடவையைப் பார்த்தாளா, தெரியாது.

அவர் கையிலிருந்து ஒரு குடும்பம் வெறுங்கையோடு போனதை நான் அன்றுதான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய அம்மா போன் செய்தாள். கை இரண்டும் புடவை மடிப்பதில் இருந்ததால் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். போட்டிருக்கக் கூடாது.

"ஏன்டா பாவி! பொண்ணு வூட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போனாங்களாமே! நீ பொடவ கட்டிக்கினு குலுக்கிக்கினு நின்னியாம். அதோட வுட்டியா? பொண்ணோட அப்பாவையே சாவடிச்சி கருமாதிக்கும் போய்ட்டு வந்துட்டியாமேடா!"

"ஞாயித்துக்கெழமதானம்மா வரேன்னாங்க?" அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"லீவு அன்னிக்கி வரேன்னாங்க. தறிக்கு என்னிக்குடா ஞாயித்துக்கெழம லீவு வுட்டாங்க? இன்னிக்கி என்னா? அமாவாச! அமாவாசைக்குத்தானே தறி நிக்கும்? நெசவு வூட்டுல பொறந்துட்டு இதுகூட மறந்துபோச்சா ஒனக்கு?"

மறந்துதான் போயிருந்தது. கடைக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு முகூர்த்த நாள் தெரியும், ஆபர் நாள் தெரியும், ஞாயிற்றுக்கிழமை தெரியும். பிறந்த வீட்டின் லீவு நாள் மட்டும் நினைவில்லை. அவர் மெதுவாகப் புடவையைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஒரு ஸ்டூலின்மேல் இருந்த அட்டைப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். உட்கார்ந்தார். அந்தச் சட்டத்தின்படி எங்கள் கடையில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான்.

மறுநாளிலிருந்து கல்யாணப்பொண்ணு புடவை கட்டவில்லை. சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு பில் கவுன்டர் பக்கம் நின்றார். கடை தடுமாறியது. மேனேஜர் வேறு ஒரு பையனைக் கட்டச் சொன்னார். அவன் கட்டியபோது வெண்பட்டுகூட அரிசி மூட்டை மாதிரி தெரிந்தது. ஒரு மாமியார் காலில் விழச் சொன்னால், விழுந்தவன் மாமியாரையும் சேர்த்துத் தள்ளிவிட்டான். "தம்பி, ஒரே ஒரு தபா கட்டு தம்பி" என்று மேனேஜர் கெஞ்சினார். "நான் இனிமே ஆம்பளயா இருந்துக்கறேன் சார்" என்றார் இவர். சிரிப்பு வரவில்லை எங்களுக்கு.

அந்த வாரம் காலேஜில் இன்டர்னல் தேர்வு. சிறந்த விற்பனையாளரின் பண்புகளை விவரி என்று ஒரு கேள்வி. புத்தகத்தில் இருந்ததை மடமடவென்று எழுதிவிட்டேன். எழுதி முடித்தபின் மனது கனத்துப்போயிற்று. இந்தப் பண்பெல்லாம் ஒருவரிடம் மொத்தமாக இருக்கிறது, இருப்பதனாலேயே அவருக்குப் பெண் கிடைக்கவில்லை, இதை எந்தக் கேள்விக்குப் பதிலாக எழுதுவது? நானும்தான் ஒரு வேலைக்குப் போகப்போகிறேன், ஒருநாள் என்னையும் நாலு பேர் விசாரிக்க வருவார்கள். அப்போது நான் என்ன கோலத்தில் நின்றுகொண்டிருப்பேனோ? பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம், சாதாரண ஒரு வேலை நாளில், அம்சா வந்தாள். கடையில் கூட்டம் இல்லை. வாசலில் மொபெட்டை நிறுத்திவிட்டு அவளுடைய அப்பா வெளியிலேயே நின்றுகொண்டார். கையைக் கட்டிக்கொண்டு, கடைக்கு முதுகைக் காட்டியபடி. அவள் மட்டும் நேரே பில் கவுன்டருக்கு நடந்தாள். கல்யாணப்பொண்ணு ஒரு பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"அப்பா வேணாம்னுதான் சொல்லிட்டாரு" என்றாள் அவள், எடுத்த எடுப்பில். "தறிய நிறுத்திட்டு வந்திருக்கறேன். ஒண்ணு சொல்லணும்."

"மன்னிச்சிக்கங்க" என்றார் இவர். "நான் அவர போயி..."

"அந்தக் கண்ணு தெரியாத பெரியவரு எங்க அப்பாதான். அவருக்குக் கண்ணு நல்லாவே தெரியுது. மூணு வேளயும் சாப்புடறாரு." அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "அந்தப் பொடவ நாங்க ரெண்டு பேரும் நெய்ஞ்சது. அவரு உடம்பு நெய்ஞ்சாரு, நான் பக்கத்துல உக்காந்து கரை நெய்ஞ்சேன். அதான் அடுக்குல பாத்ததும் தெரிஞ்சிடுச்சி."

நான் கையிலிருந்த ஹேங்கரோடு அங்கேயே நின்றுவிட்டேன். மேனேஜர் மாடிப்படியில் பாதியில் நின்றார்.

"சின்ன வயசுலேர்ந்து நெய்யறேன்" என்றாள் அம்சா. "நெய்வோம், மடிப்போம், குடுத்துடுவோம். அதோட சரி. அது யாரு வூட்டுக்குப் போவுது, எப்பிடி இருக்குதுன்னு எதுவும் தெரியாது. எங்க பொடவைய ஒருத்தரு கட்டி நான் பாத்ததே கெடையாது. அன்னிக்கு உங்க மேலதான் மொத மொதல்ல பாத்தேன்." அவள் குரல் இப்போது நிஜமாகவே கரகரத்தது. "அவ்ளோ அழகா இருக்கும்னு எனக்குத் தெரியாது. நீங்க அவ்ளோ பொய் சொன்னீங்க. ஆனா எங்க பொடவையப் பத்தி ஒரு கொற சொல்லல."

கதை சொல்லியே பிழைத்த மனுஷன் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"இன்னொரு தபா கட்டிக் காட்டறீங்களா?" என்றாள் அவள்.

நான் ஓடிப்போய் அந்த மாம்பழ மஞ்சளை எடுத்து வந்தேன். விற்காமல் இருந்ததே என்று எல்லாச் சாமிக்கும் நன்றி சொன்னேன். அவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டுக் கட்ட ஆரம்பித்தார். கொசுவம் இரண்டுமுறை நழுவியது. மாலை மாற்றவில்லை, அம்மி மிதிக்கவில்லை, சும்மா நின்றார். அவள் பக்கத்தில் வந்து விரல் வைத்துக் காட்டிக்கொண்டே சொன்னாள். இந்த இடத்தில் நெய்யும்போது எனக்கு நல்ல ஜுரம். இங்கே மழை, மூணு நாள் தறிக்குழியில் தண்ணி. இந்த முந்தி போடும்போது அக்காவுக்குக் குழந்தை பிறந்தது, அப்பா தறியிலிருந்து எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து பாட்டுப் பாடிக்கொண்டே நெய்தார். அவர் ஒவ்வொன்றையும் தலையைக் குனிந்து பார்த்தார். இதில் ஒரு கதையைக்கூட அவரால் கட்டியிருக்க முடியாது.

எப்போது உள்ளே வந்தாரோ, பெரியவர் எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் அதே கடுகடுப்பு. புடவையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவரும்தான் இதற்குமுன் பார்த்ததில்லை என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. ஏதோ பொறுக்கவில்லை அவருக்கு. முன்னால் வந்து இவருடைய தோளில் இருந்த முந்தியைப் பிடித்து ஒரு சாண் கீழே இழுத்துவிட்டார்.

"எறக்கி வுடுங்க மாப்ள" என்றார். "ஜரிக முழுசா தெரியணும்."

அம்சா சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் ஆள் தலையைக் குனிந்தார், நிமிரவே இல்லை. மீசை துடித்தது, கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, பட்டில் பட்டுவிடக் கூடாதென்று முகத்தை மட்டும் தூரமாக நீட்டிக்கொண்டு நின்றார். வருஷக்கணக்காகப் பொய்க்கு வெட்கப்பட்டவர் அன்றுதான் நிஜத்துக்கு வெட்கப்பட்டார். எவ்வளவு அழகாக இருந்தார் தெரியுமா, எங்கள் அண்ணன்!